அடுப்பைக் காப்பாற்ற ஜெர்மனிக்குப் போனேன்

ஜெர்மனிக்கு வரும்போது பழைய லுங்கி ஒன்று எடுத்து வரச் சொன்னார்கள். சாயக் கறை இருந்தால் நல்லது, துவைக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். ஐம்பத்திரண்டு வயதில் முதல் விமானப் பயணம். கோட்டு தைக்க எத்தனை நாள் ஆகும் என்று ஆரணி பஜாரில் நான் விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்தத் தகவல் வந்தது. தையற்காரர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு, "லுங்கிக்கு அளவு தேவையில்லீங்க" என்றார்.

சேவூர் பக்கம் எனக்கு ஒரு பட்டுச் சாயப் பட்டறை இருக்கிறது. நெசவாளர்கள் கொடுக்கும் வெள்ளை நூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்து, பிறகு அண்டாவில் சாயம் ஏற்றிக் கொடுப்பது தொழில். நான்கு அடுப்பு. எரிவது வேலிக்காத்தான் விறகு. அடுப்பைப் பார்த்துக்கொள்வது அஞ்சலை. பத்து வருஷமாக என்னிடம் இருக்கிறாள். நூலைத் திருப்பிப் போட இரண்டு பேர். கல்லாவில் உட்கார்ந்து எல்லாரையும் அவசரப்படுத்த நான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு நோட்டீஸ் வந்தது. விறகு அடுப்பை நிறுத்தி எரிவாயுவுக்கோ நீராவிக்கோ மாற வேண்டும், அறுபது நாளில் மாறாவிட்டால் பட்டறை மூடப்படும். படித்ததும் எழுந்து நின்று வீராவேசமாகக் கத்தினேன். அந்தக் காகிதத்தைப் பூஜை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். தலைவலியை மேலிடத்துக்குத் தள்ளிவிடுவது அரசாங்கத்துக்கு மட்டும் சொந்தமா என்ன?

மாவட்ட அலுவலகத்தில் கேட்டேன், சென்னை என்றார்கள். சென்னையில் கேட்டேன், கொள்கை எல்லாம் டெல்லி என்றார்கள். டெல்லியில் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. அப்போதுதான் சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கும் ரேவதி மேடம் போன் செய்தார். ஜெர்மனியில் பான் என்ற ஊரில் உலக நாடுகளெல்லாம் கூடிப் பருவநிலை பற்றிப் பேசப்போகின்றன, அங்கே காட்ட ஒரு சிறுதொழில்காரர் வேண்டும் என்றார். டெல்லி அதிகாரி சந்தானம் வருவார், அவரும் தமிழர்தான் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே ஒப்புக்கொண்டேன்.

என் மனைவி வசந்தா கேட்டாள்: "டெல்லியில பாக்க முடியாத ஆள ஜெர்மனியில போயா பாக்கப்போறீங்க?"

"அங்க அவரும் வெளியூர்க்காரர், நானும் வெளியூர்க்காரன். டீக்கடைக்கு வழி கேக்கறாப்புல பேச்ச ஆரம்பிச்சிடலாம்" என்றேன்.

சாமி படத்துக்குப் பின்னால் இருந்த நோட்டீஸும் துவைக்காத லுங்கியும் ஒரே பெட்டியில் ஏறின.

முதல் நாளே டிராம் வண்டி என்னை அவமானப்படுத்தியது. வண்டி வந்து நின்றது. கதவு திறக்கும் என்று நாகரிகமாகக் காத்திருந்தேன். வண்டி போய்விட்டது. அடுத்த வண்டியும் வந்து, நின்று, போய்விட்டது. லுங்கி எடுத்து வந்தவனை ஏற்றக் கூடாது என்று ஏதோ சட்டம் இருக்கிறது என்று முடிவு கட்டி எனக்கு வியர்த்தது. மூன்றாவது வண்டி வந்தபோது ஒரு கிழவி என்னைத் தோளால் தள்ளிவிட்டுக் கதவிலிருந்த பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது. அவள் ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னாள். "உங்க ஊர்ல கதவே கிடையாதா?" என்று கேட்டாளாம், அப்போதுதான் வந்து சேர்ந்த ரேவதி மேடம் மொழிபெயர்த்தார். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் கதவு இருக்கிறது அம்மா, மூடித்தான் நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டில் வெள்ளையாக, நீளமாக ஒரு தண்டு வைத்தார்கள். இந்தப் பருவத்தில் மட்டும் கிடைக்கும் அபூர்வப் பண்டம் என்றார்கள். முருங்கைக்காய்க்குச் சோகை பிடித்தால் அப்படித்தான் இருக்கும். தண்ணீர் கேட்டால் சோடா கொடுத்தார்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்தும் சூரியன் இறங்கவில்லை, ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தது.

அறைக்கு வந்ததும் அஞ்சலை பேசிப் பதிந்து அனுப்பியது போனில் வந்தது. "மொதலாளி, போய்ச் சேந்துட்டீங்களா? இங்க விறகு ஈரம். புகை கண்ண அவிக்குது. மாம்பழக் கலர்ல நூல் கேட்டவரு ஜல்தியா வேணும்னு உக்காந்துகினு இருக்காரு."

கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.

இரண்டாம் நாள் மாநாடு. வாசலில் பையைத் துழாவி, கழுத்தில் அட்டை மாட்டி உள்ளே விட்டார்கள். அன்று அங்கே வெயில் கொஞ்சம் அதிகம். கட்டடத்தில் மின்விசிறி கிடையாது. உலகம் சூடாகிறது என்று வருஷக்கணக்காகப் பேசுகிறவர்கள் தாங்கள் உட்காரும் இடத்துக்கு ஒரு விசிறி மாட்டவில்லை. ஆளுக்கொரு கோப்பால் விசிறிக்கொண்டு, "இப்படி ஒரு வெப்பத்தைக் கண்டதில்லை" என்றார்கள். எங்கள் ஊரில் அதற்குக் கார்த்திகை மாசம் என்று பெயர்.

ஓர் அறையில் எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு வாக்கியம். அதில் ஒரு வார்த்தைக்கு இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டிருந்தார்கள். அந்த வார்த்தையில் இன்னும் சம்மதம் வரவில்லை என்று அதற்கு அர்த்தமாம். புகையைக் 'குறைப்போம்' என்பதா, 'குறைக்க முயல்வோம்' என்பதா என்று தகராறு. பணக்கார நாட்டுக்காரர் ஒருவர், எல்லாரும் சேர்ந்து குறைக்க வேண்டும் என்றார். நம் பக்கத்துக்காரர், முதலில் நீங்கள் குறையுங்கள் என்றார். எண்ணெய் விற்கும் நாட்டுக்காரர், புகை என்ற சொல்லே தன் மனதைப் புண்படுத்துகிறது என்கிற தோரணையில் எழுந்து நின்றார். நான் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது அடைப்புக்குறிக்குள் இன்னோர் அடைப்புக்குறி சேர்ந்திருந்தது. ஆரணியில் ஒரு சேலைப் பேரம் இவ்வளவு நேரம் நடந்தால் கடைக்காரர் சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவார்.

அன்று காலையிலேயே என் முதல் நிகழ்ச்சி. லுங்கியைக் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். திரையில் என் பட்டறை அடுப்பு. அதன் பக்கத்தில் புகைக்குள் பாதி தெரிகிற அஞ்சலை. மேடையில் சந்தானம் சார். ஒல்லியான மனிதர், அழகான ஆங்கிலம். அவர் பேசியதை ரேவதி மேடம் என் காதில் தமிழாக்கிச் சொன்னார்: "வளரும் நாட்டின் ஏழை அடுப்பு இது. இந்த அடுப்பை அணைக்கச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?"

கைதட்டல். எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. நான் தேடி வந்த ஆள் நான் கேட்க வந்ததைக் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டார்! பிறகு என்னை மூன்று நிமிஷம் பேசச் சொன்னார்கள். பத்து நாளாக வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த பேச்சு. எழுந்தேன். முந்நூறு முகம். "வணக்கம்" என்றேன். "ஆரணி" என்றேன். கொஞ்சம் யோசித்து "பட்டு" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். அந்த மூன்று சொல்லையும் ரேவதி மேடம் மூன்று நிமிஷம் மொழிபெயர்த்தார். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மதியம் அதே கட்டடத்தில் வேறு மாடி. லுங்கியை அவிழ்த்துப் பட்டு வேட்டி கட்டச் சொன்னார்கள். அங்கே தலைப்பு, 'இயற்கையோடு இயைந்த தூய தொழில்கள்.' காலையில் ஏழை, மதியம் உத்தமன். காலையில், எங்களைப் புகை விட விடுங்கள். மதியம், நாங்கள் புகையே விடுவதில்லை. பொய் என்று சொல்ல முடியாது, இரண்டுமே நம் நாட்டில் இருக்கிறது. ஒரு கூரையில் சூரியத் தகடு, பக்கத்துக் கூரைக்கு மேலே நிலக்கரிப் புகை. எந்த அறையில் எதைத் திறந்து காட்டுவது என்பதற்குத்தான் கொள்கை என்று பெயர்போல.

அங்கே ஒரு ஜெர்மன்காரர் என் வேட்டி ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, "இந்த நிறம் எந்தச் செடியிலிருந்து எடுத்தது?" என்று கேட்டார்.

"டப்பாவிலேருந்துங்க" என்றேன். "டப்பா மேல உங்க நாட்டுப் பேருதான் போட்டிருக்குது."

ரேவதி மேடம் அதை எப்படி மொழிபெயர்த்தார் என்று தெரியாது. அந்த ஜெர்மன்காரர் முகம் மலர்ந்து என் கையைக் குலுக்கினார்.

அன்று அஞ்சலை மறுபடியும் பேசி அனுப்பியிருந்தாள். "மொதலாளி, நோட்டீஸ் விஷயம் இன்னா ஆச்சி? நாளு போய்கினே இருக்குது. எரிச்சிகினு இருக்கறதா, நிறுத்தறதா?" 'பேசிக்கொண்டிருக்கிறேன்' என்று தட்டி அனுப்பினேன். அப்போது அது சுத்தப் பொய். சந்தானம் சாரைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர். இரண்டு தடவை அவர் பின்னாலேயே போய்க் கழிவறை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

மூன்றாம் நாள்தான் காரியம் நடந்தது. என் புத்திசாலித்தனத்தால் இல்லை.

எல்லா நாட்டுக்காரர்களும் பெரிய கூடத்துக்குப் போகிற நேரம். நடைபாதையில் இளைஞர்கள் சிலர் சிவப்பு நூலை வரிவரியாக, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பூமியின் சூடு தாண்டக் கூடாத எல்லைக்கு அது அடையாளமாம். அதிகாரிகள் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு காலுக்கும் கேமரா மின்னியது. சந்தானம் சார் காலைத் தூக்கினார்.

"சார், தாண்டாதீங்க!" என்று கத்தி அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

இது ஆரணிக்காரனுக்கு மட்டும் புரியும் பைத்தியம். எங்கள் தெருக்களில் விடிந்ததும் பாவு நீட்டுவார்கள். சேலைக்கு நீளவாட்டில் போகும் ஆயிரக்கணக்கான இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, ஒட்டினதைப் பிரித்து, அறுந்ததை முடிவார்கள். நீட்டிய நூலை யாரும் தாண்ட மாட்டார்கள். குனிந்து அடியில் நுழையவும் மாட்டார்கள். மாப்பிள்ளை ஊர்வலமே ஆனாலும் பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நூலைத் தாண்டி என் அப்பாவிடம் வாங்கிய அடி இன்னும் என் முதுகுக்குத் தெரியும். ஜெர்மனிக்கு வந்த மூளைக்கு அது ஆர்ப்பாட்டம் என்று தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை.

தூக்கிய காலைச் சந்தானம் சார் பின்னால் வைத்தார். இளைஞர்கள் கூச்சல் போட்டுக் கைதட்டினார்கள். கேமராக்கள் எங்கள் இரண்டு பேர் பக்கமும் திரும்பின. எல்லையைத் தாண்ட மறுத்த முதல் நாடு! ஒரு பெண் ஒலிவாங்கியை நீட்டி, "இந்தியா தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டதா?" என்று கேட்டாள். இன்னொரு நாட்டு அதிகாரி, எங்களுக்கு ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று கோபமாகப் பார்த்தார். நோட்டீஸை நிறுத்த வந்தவன் நாட்டின் கொள்கையையே நிறுத்திவிட்டேன்.

தாண்டினால் 'மறுபடி மீறியது' என்று எழுதுவார்கள். நின்றால் 'மாறியது' என்று எழுதுவார்கள். சந்தானம் சார் பல்லைக் கடித்துக்கொண்டு என் தோளைப் பிடித்துத் திருப்பினார். சமையலறை, குப்பைத் தொட்டி, சரக்கு இறக்கும் வாசல் என்று கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் நடந்தோம்.

"என்ன பண்ணீங்கன்னு தெரியுதா உங்களுக்கு?"

"நூலுங்க சார். எப்பிடி தாண்டறது?"

அவர் நின்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். இந்தச் சிரிப்பு போனால் திரும்பி வராது என்று தெரிந்து, பையிலிருந்து நோட்டீஸை எடுத்து நீட்டினேன். நடந்துகொண்டே படித்தார்.

"இது சரியான நோட்டீஸ்தானே?"

"சார், நேத்து மேடையில இந்த அடுப்ப அணைக்கச் சொல்ல உரிமை இல்லன்னீங்களே!"

"அவங்களுக்கு உரிமை இல்லன்னு சொன்னேன்" என்றார். "நமக்கு இருக்கு."

மேலே ஏதோ குழாயிலிருந்து என் மீது தண்ணீர் சொட்டியது. நான் நகரவில்லை.

அவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். "பாருங்க குமரேசன், நம்ம ஜனங்களுக்கு வேலை வேணும், கரண்ட் வேணும். அதுக்கு எரிக்கத்தான் வேண்டியிருக்கு. இரண்டாயிரத்து எழுபதுக்குள்ள புகைக் கணக்கை நேர் பண்ணிடறோம்னு வாக்கு கொடுத்திருக்கோம். அதுவரைக்கும் இவங்க கிட்ட மூணே மூணுதான் கேக்கறோம். நேரம், பணம், நல்ல மெஷின். இவங்க தாத்தா காலத்துலேர்ந்து எரிச்சு வசதியாயிட்டு, இப்ப நம்ம கிட்ட வந்து உடனே நிறுத்துன்னா எப்படி?"

"எனக்கும் அதே மூணுதான் சார் வேணும்."

"உங்களுக்குத் திட்டம் இருக்கே. கடன் திட்டம். விண்ணப்பம் போடுங்க."

"கடனா? இவங்க உங்களுக்கு உதவின்ற பேர்ல கடன் குடுத்தா வாங்கிப்பீங்களா சார்?"

அன்று காலை அவர் அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் பணக்கார நாடுகளைத் திட்டித் தீர்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று பிறகு ரேவதி மேடம் சொன்னார். அப்போது அவர் செய்ததெல்லாம், காகிதத்தின் மேல் ஓரத்திலிருந்த எண்ணை விரலால் தட்டியதுதான். "இது கொள்கையால வந்த நோட்டீஸ் இல்ல. யாரோ புகார் கொடுத்து வந்தது. அவங்களைச் சமாதானப்படுத்துங்க. திருப்தின்னு எழுதிக் கொடுத்தா கெடு தள்ளிப்போகும்." கூடத்தின் பின்வாசலில் நுழைந்தவர் திரும்பி, "இனிமே யார் கையையும் பிடிச்சு இழுக்காதீங்க" என்றார். அன்று மாலை நம் தரப்பிலிருந்து விளக்க அறிக்கை வந்தது. அதிகாரிக்குக் காலில் பிடிப்பு ஏற்பட்டதாம்.

திரும்பும் விமானத்தில் தூக்கம் வரவில்லை. புகார் கொடுத்த துரோகி யார்? எதிர்ப் பட்டறைக்காரன் என்று முதலில் முடிவு செய்தேன். அரபிக்கடல் மேலே வரும்போது மச்சானாக இருக்கலாம் என்று தோன்றியது. சென்னையில் இறங்கும்போது, என்னிடம் நல்லபடியாகப் பேசும் எல்லார் பெயரும் பட்டியலில் இருந்தது.

மறுநாளே மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் கோப்பைப் புரட்டி மனுவைக் காட்டினார். திங்கட்கிழமை மனு நாளில் நேரில் வந்து கொடுத்தது. கீழே கோணல்மாணலாகக் கையெழுத்து: அஞ்சலை, சேவூர்.

பஸ்ஸில் சேவூர் வரும்வரை பேச வேண்டியதையெல்லாம் அடுக்கிக்கொண்டேன். உப்பு, நன்றி, பத்து வருஷம், தீபாவளிச் சேலை. பட்டறையில் அவள் அடுப்பு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நீயா மனு போட்ட?"

"ஆமாங்க" என்றாள், திரும்பாமலே. "மூடணும்னு எழுதலீங்க. புகைபோக்கி கட்டித் தரணும்னுதான் எழுதுனேன். அவங்க மூடறேன்னு அனுப்பிட்டாங்க. அதான் போன்ல இன்னா ஆச்சின்னு கேட்டுகினு இருந்தேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"மூணு வருசமா சொன்னேன். மொத வருசம் பாக்கலாம்னீங்க. அடுத்த வருசம் பாத்துகினு இருக்கேன்னீங்க. போன வருசம், ஊர்ல எவன் கட்டியிருக்கான், நான் மட்டும் ஏன் கட்டணும்னீங்க."

இந்த மாதிரிப் பதில்களைத்தான் நான் ஜெர்மனியில் பெரிய நாடுகள் வாயிலிருந்து கேட்டுச் சிரித்திருந்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. புகையில் இருமல்தான் வந்தது. இருமலை அடக்கிக்கொண்டு, "சரி, நீ மொதல்ல திருப்தின்னு கையெழுத்துப் போடு. நான் கட்டித் தரேன்" என்று காகிதத்தை நீட்டினேன்.

"மொதல்ல கட்டுங்க."

"மழை வரட்டும், அப்புறம்…"

"மழையில செவுரு எப்பிடி காயும்? மொதல்ல கட்டுங்க மொதலாளி. ஒரு நாள் முச்சூடும் அதுங்கீழ வேலை பாக்கறேன். கண்ணு எரியலன்னா கையெழுத்து."

"என்மேல நம்பிக்கை இல்லியா?"

"இருக்குதுங்க. அதான் நாள் குறிச்சிக் கேக்கறேன்."

இவளை ஜெர்மனிக்குக் கூட்டிப்போயிருந்தால் அடைப்புக்குறிகளெல்லாம் அரை நாளில் ஓடியிருக்கும். கொத்தனாரைக் கூப்பிட்டேன். நான்கு அடுப்பையும் சேர்த்து ஒரே புகைபோக்கி. கூரை மட்டம் வந்ததும் போதும் என்று நிறுத்தச் சொன்னேன். அஞ்சலை அண்ணாந்து பார்த்து, "இன்னும் ரெண்டடி ஏத்துப்பா" என்றாள். கொத்தனார் என்னைப் பார்க்காமலே அடுத்த செங்கல்லை எடுத்தார்.

வியாழக்கிழமை காலையில் நான்கு அடுப்பையும் மூட்டினோம். புகை சமர்த்தாகக் குழாய்க்குள் ஏறி எங்கள் தலையைத் தாண்டி மேலே போனது. பட்டறையின் எதிர்ச்சுவர் எனக்கு முதல் முறையாகத் தெரிந்தது; அதில் ஒரு ஜன்னல் இருந்தது. சாயங்காலம்வரை அஞ்சலை ஒருமுறைகூடக் கண்ணைத் துடைக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக் கையெழுத்துப் போட்டாள். பிழைத்தோம் என்று நான் மூச்சு விட்ட நேரத்தில், பின் தெரு மாடி வீட்டு ஜன்னல் படீரென்று திறந்தது.

"யோவ், எவன்யா அது! துணி காய வச்ச எடத்துல புகைய உடறது? கேக்க ஆள் இல்லன்னு நெனச்சிகினியா?" என்று ஒரு பெண் குரல் கத்தியது.

நான் சட்டென்று, புதிதாகக் கண்டுபிடித்த ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

காகிதத்தை என் மடியில் வைத்துவிட்டு அஞ்சலை வீட்டுக்குக் கிளம்பச் செருப்பை மாட்டினாள். "மனு நாளு திங்கக்கெழமைதான் மொதலாளி" என்றாள். "அவங்க மனு குடுக்க இன்னும் நாலு நாளு இருக்குது."